கூட்டியதும் இருபது, கழித்ததும் இருபது: பன்னிரண்டு ரூபாய் எங்கே போனது?

கேள்வி:

அக்கா, நான் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறார். எட்டு மாதமாக வீட்டிலேயே ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போட்டு, 200 கிராம் பாக்கெட்டாகக் கட்டி ஒரு பேக்கரிக்குக் கொடுக்கிறேன். வாரம் 40 கிலோ போகிறது. காய், தேங்காய் எண்ணெய், விறகு, பாக்கெட், ஆட்டோ எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 260 ரூபாய் செலவு. எனக்கு 40 ரூபாய் நிற்க வேண்டும் என்று 300 வைத்தேன். பேக்கரிக்காரர் விற்கும் விலையில் 20 சதவீதம் கமிஷன் கேட்டார். சரி என்று 300-க்கு 20 சதவீதம் கூட்டி, கிலோ 360, பாக்கெட் 72 என்று அச்சடித்தேன். ஆனால் அவர் கையில் தருவது கிலோவுக்கு 288 தான். கூட்டியதும் 20, கழித்ததும் 20 என்றால் 300 அல்லவா வர வேண்டும்? கேட்டால் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுகிறார். அதிலும் 288 தான் வருகிறது. என்னை ஏமாற்றுகிறாரா?

இன்னும் சில சந்தேகம். காய் சீவுகிற மெஷினும் பெரிய அடுப்பும் வாங்க ஒரு லட்சம் கடன் வேண்டும். ஒரு ஃபைனான்சில் 12 சதவீத வட்டி, 24 மாதம், மாதம் 5,167 ரூபாய் என்கிறார்கள். வங்கியில் 14 சதவீதம். ஃபைனான்ஸ்தானே லாபம்? அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒரு பவுனில் வளையல் எடுக்க வேண்டும். 'சேதாரத்தில் 25 சதவீதம் தள்ளுபடி' என்று ஒரு கடையில் போட்டிருக்கிறார்கள். விலையில் கால் பங்கு குறையுமா? கடைசியாக என் மகளின் கேள்வி: நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிவு 2001-ல் 87.55 சதவீதம், 2011-ல் 91.75 சதவீதம். '4.2 சதவீதம் உயர்ந்தது' என்று எழுதினாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். ஏன்?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் உங்கள் மனதில் உள்ள பாரத்தை இறக்கி வைக்கிறேன். பேக்கரிக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. கால்குலேட்டரும் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் கிலோவுக்கு 12 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போவதும் உண்மை. நாகர்கோவிலில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கும் தொழிலில் நான் 27 வருடமாக இருக்கிறேன். இதே 20 கூட்டி 20 கழிக்கிற கணக்கில் பணத்தை விட்டவர்கள் எத்தனையோ பேர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் பட்டம் படித்தவர்களும் உண்டு. ஆகவே பத்தாம் வகுப்பு என்பதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நடந்தது இதுதான். நீங்கள் கூட்டிய 20 சதவீதம் 300 ரூபாயில். அவர் கழித்த 20 சதவீதம் 360 ரூபாயில். இரண்டுக்கும் பெயர் இருபதுதான், ஆனால் முதல் இருபது 60 ரூபாய், இரண்டாவது இருபது 72 ரூபாய். இடையில் உள்ள 12 ரூபாய்தான் உங்கள் பணப்பையில் விழுந்த ஓட்டை.

தாளும் பேனாவும் இல்லாமலே இதைப் பார்க்கலாம். சாயங்காலம் அடுப்பை அணைத்த பிறகு, பாக்கெட் கட்டுகிற பலகையில் ஐந்து ஏத்தங்காயை வரிசையாக வையுங்கள். அந்த ஐந்தும் சேர்ந்துதான் உங்கள் 300 ரூபாய், காய் ஒன்றுக்கு 60. இருபது சதவீதம் என்றால் ஐந்தில் ஒன்று. கூட்ட வேண்டும் என்பதால் ஆறாவதாக ஒரு காயை வைத்தீர்கள். இப்போது பலகையில் ஆறு காய், அதாவது 360. பேக்கரிக்காரர் வந்து 'எனக்கு ஐந்தில் ஒன்று' என்கிறார். எதில் ஐந்தில் ஒன்று? பலகையில் இருக்கிற ஆறிலும். ஆறை ஐந்து பங்காக்கினால் ஒரு பங்கில் ஒரு முழுக் காயும் அடுத்த காயில் ஒரு துண்டும் வரும். நீங்கள் அவருக்காக வைத்தது ஒரு காய். அவர் எடுத்தது ஒரு காயும் ஒரு துண்டும். அந்தத் துண்டுதான் 12 ரூபாய்.

அப்படியென்றால் எப்படி விலை வைப்பது? விற்கிற விலையில் ஐந்தில் ஒன்று அவருக்கு என்றால், மீதி நான்கு பங்கு உங்களுக்கு. அந்த நான்கு பங்கு 300 ஆக வேண்டும். ஒரு பங்கு 75. ஐந்து பங்கு 375. சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 375-ல் 20 சதவீதம் 75, கழித்தால் 300. கால்குலேட்டரில் போடுவதானால் 300-ஐ 0.80-ஆல் வகுக்க வேண்டும். நூறில் 20 போனால் மிச்சம் 80 அல்லவா, அந்த 80 தான் 0.80. நாளைக்கு வேறு கடைக்காரர் 25 சதவீதம் கேட்டால் மிச்சம் 75. 300-ஐ 0.75-ஆல் வகுத்தால் 400. பத்து சதவீதம் கேட்டால் 0.90-ஆல் வகுங்கள், 333 ரூபாய் சொச்சம் வரும்.

வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிப்பதும் இதே வகுத்தல்தான். 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட 1,180 ரூபாய் என்று ஒரு பில் வந்தால், அதில் வரி 180. பலர் 1,180-க்கே 18 சதவீதம் போட்டு 212 ரூபாய் 40 காசு என்பார்கள். அந்த 18 சதவீதம் போடப்பட்டது 1,000 ரூபாயில், 1,180-ல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 300-ல் 12 ரூபாய் என்பது 4 சதவீதம்தான், போனால் போகட்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அந்த 300 முழுவதும் உங்களுடையது அல்லவே. 260 ரூபாய் காய்க்கும் எண்ணெய்க்கும் விறகுக்கும் போய்விட்டது. உங்கள் உழைப்புக்கு நின்றது 40. பன்னிரண்டு போனது அந்த நாற்பதிலிருந்துதான். கையில் நின்றது 28. உங்கள் சம்பாத்தியத்தில் 30 சதவீதம் போய்விட்டது. வாரம் 40 கிலோ, எட்டு மாதத்துக்கு 35 வாரம் என்று வைத்துக்கொண்டால் 16,800 ரூபாய். சூடான எண்ணெய்ச் சட்டி முன் நின்று சம்பாதித்த பணம் அது. 4 என்றும் 30 என்றும் இரண்டு எண் வருகிறது, இரண்டும் சரி. ஒன்று விலையில், மற்றது உங்கள் லாபத்தில். வீட்டுக்கு அரிசி வாங்குவது இரண்டாவது எண்ணை வைத்துத்தான்.

யார் எந்தச் சதவீதத்தைச் சொன்னாலும், 'எதில்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது எல்லாமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

தோவாளைப் பூச்சந்தைக்குப் போயிருப்பீர்கள். ஓணத்துக்கு முன்னால் பிச்சிப்பூ 400 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்கு ஏறியது என்று வையுங்கள். உயர்வு 600 ரூபாய், 400-ல் அது 150 சதவீதம். பண்டிகை முடிந்ததும் விலை பழையபடி 400-க்கு இறங்குகிறது. இறக்கமும் அதே 600 ரூபாய்தான், ஆனால் 1,000-ல் அது 60 சதவீதம். ஏறும்போது 150, இறங்கும்போது 60. கேட்கிறவர்களுக்கு ஏறியதில் பாதிகூட விலை இறங்காதது போலத் தோன்றும். உங்கள் சிப்ஸில் நடந்ததும் இதேதான், எண்கள் சிறியவை என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

சதவீதம் என்று ஒன்று எதற்கு வந்தது என்பதற்கு நம் மாவட்டத்தின் பழைய கதையே போதும். 1956 நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேருவதற்கு முன் நாம் திருவிதாங்கூரில் இருந்தவர்கள். என் தாத்தா காலத்தில் இங்கே சக்கரமும் காசும் புழங்கின. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். மலைக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலியில் 16 அணா ஒரு ரூபாய். இங்கே ஒரு வியாபாரி ரூபாய்க்கு 3 சக்கரம் லாபம் என்கிறார், அங்கே ஒருவர் ரூபாய்க்கு 2 அணா லாபம் என்கிறார். யாருக்கு அதிகம்? 28-ல் 3 என்பதையும் 16-ல் 2 என்பதையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. இரண்டையும் நூற்றுக்குக் கொண்டுவந்தால் முதலாவது சுமார் 10.7, இரண்டாவது 12.5. இரண்டு அணாக்காரருக்குத்தான் அதிகம். வேறு வேறு அளவில் இருப்பதை ஒரே நூறு என்ற படிக்குள் போட்டு அளப்பது, அவ்வளவுதான் சதவீதம்.

நம் பாட்டிமார் இதை மனக்கணக்காகவே போட்டார்கள். பழைய கீழ்வாய் இலக்கத்தில், அதாவது பின்னக் கணக்கில், ஒரு மா என்றால் இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம். மாகாணி பதினாறில் ஒன்று, 6.25 சதவீதம். ரூபாய்க்கு ஓரணா என்பதும் அதே அளவுதான். அரைக்கால் எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். கால் 25, அரை 50, முக்கால் 75. இந்தச் சொற்கள் இன்னும் நம் வாயில் இருக்கின்றன. கால்குலேட்டர் தேடுவதற்குள் இவற்றை வைத்தே பாதிக் கணக்கை முடித்துவிடலாம். பத்து சதவீதம் வேண்டுமென்றால் கடைசி இலக்கத்துக்கு முன் ஒரு புள்ளி வையுங்கள்: 360-க்கு 36. அதில் பாதி 5 சதவீதம், 18. இரண்டையும் கூட்டினால் 15 சதவீதம், 54. அப்புறம், திருப்பிப் போட்டாலும் விடை மாறாது: 75 ரூபாயில் 4 சதவீதம் எவ்வளவு என்று திணற வேண்டாம், 4 ரூபாயில் 75 சதவீதம் என்று பாருங்கள். நாலில் முக்கால், 3 ரூபாய்.

இனி கடன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்தப் பகுதிதான். சிப்ஸில் வாரம் 480 ரூபாய் போனது. இங்கே ஒரு கையெழுத்தில் அதைவிடப் பெரிய தொகை போகும்.

ஃபைனான்சில் சொல்லும் 12 சதவீதத்துக்கும் வங்கியில் சொல்லும் 14 சதவீதத்துக்கும் 'எதில்?' என்று கேட்டுப் பார்ப்போம். ஃபைனான்ஸ் போடுகிற வட்டிக்கு ஃபிளாட் வட்டி என்று பெயர். ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 12,000, இரண்டு ஆண்டுக்கு 24,000. அசலோடு கூட்டி 1,24,000-ஐ 24-ஆல் வகுத்தால் 5,167. முதல் மாதமும் வட்டி ஒரு லட்சத்தில், இருபத்து நான்காவது மாதமும் வட்டி ஒரு லட்சத்தில். ஆனால் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே திருப்பித் தருகிறீர்கள்? ஒரு வருடம் போன பிறகு உங்களிடம் இருப்பது ஏறத்தாழப் பாதி அசல்தான். திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்.

வங்கியில் குறைந்து வரும் அசலுக்கு மட்டும் வட்டி. 14 சதவீதத்தில் ஒரு லட்சத்துக்கு 24 மாதத் தவணை சுமார் 4,801 ரூபாய். முதல் மாத வட்டி, ஒரு லட்சத்தில் 14 சதவீதத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு, 1,167. கட்டிய 4,801-ல் மீதி 3,634 அசலில் கழியும். அடுத்த மாதம் அசல் 96,366. அதற்கு வட்டி 1,124. இப்படி வட்டி ஒவ்வொரு மாதமும் இறங்கிக்கொண்டே வரும். கடைசியில் மொத்த வட்டி சுமார் 15,230. ஃபைனான்சில் 24,000. பன்னிரண்டு என்று சொன்னது பதினான்கைவிடச் சுமார் 8,770 ரூபாய் அதிகம் வாங்குகிறது. ஃபைனான்சின் வட்டியையும் வங்கி போடுகிற முறையிலேயே கணக்கிட்டால் ஆண்டுக்கு 21.5 சதவீதத்தைத் தாண்டும்.

ஆகவே வங்கிக்கே போங்கள். எங்கே போனாலும் மூன்று கேள்வி: வட்டி ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா? மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம்? பிராசஸிங் கட்டணம், இன்சூரன்ஸ் என்று முன்னாலேயே எவ்வளவு பிடிக்கிறார்கள்? தவணையை மாதத்தால் பெருக்கி, முன்னால் பிடித்தது போகக் கையில் வாங்கும் தொகையைக் கழித்தால் கடனின் உண்மையான விலை ரூபாயாகவே தெரிந்துவிடும். ஒரே தொகை, ஒரே கால அளவு என்றால் அந்த ரூபாயை ஒப்பிட்டாலே போதும், சதவீதமே வேண்டாம்.

கடன் அவசரத்தில் இன்னும் இரண்டு பேர் கதவைத் தட்டக்கூடும், அதனால் அதையும் சொல்கிறேன். 'நூற்றுக்கு ரெண்டு' என்று வட்டிக்குக் கொடுப்பவர் சொல்லும் இரண்டு மாதத்துக்கு. ஆண்டுக்கு 24 சதவீதம். 'எதில்?' என்பதோடு 'எத்தனை நாளைக்கு?' என்றும் கேட்க வேண்டிய இடம் அது. தண்டல்காரர் கணக்கு இன்னும் கடுமை. 10,000 கடன் என்று எழுதிக்கொண்டு, 1,000-ஐ முன்பே பிடித்துக்கொண்டு 9,000 தருவார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். கையில் வந்தது 9,000, அதுவும் முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு போகிறது, காலமோ 100 நாள். ஆண்டுக் கணக்கில் போட்டால் 75 சதவீதத்துக்கு மேல். மெஷின் வாங்க அந்தப் பக்கம் போகவே வேண்டாம், தங்கச்சி.

வளையலுக்கு வருவோம். விளம்பரம் சொல்வது சேதாரத்தில் 25 சதவீதம், விலையில் இல்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் போகும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பவுன் 8 கிராம், 80,000 ரூபாய். சேதாரம் 12 சதவீதம் என்றால் 9,600. கூட்டினால் 89,600. அதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,688. மொத்தம் 92,288. இப்போது சேதாரத்தில் கால் பங்கு தள்ளுபடி. 12 சதவீதம் 9 சதவீதம் ஆகிறது. சேதாரம் 7,200. வரியோடு மொத்தம் 89,816. மிச்சமானது 2,472 ரூபாய். முழு விலையில் அது 3 சதவீதம்கூட வராது. நல்ல பணம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கால் பங்கு என்று நினைத்துப் போனால் கடையில் மனம் கசந்துவிடும்.

அதைவிட முக்கியம், தள்ளுபடிக்கு முன் சேதாரம் எவ்வளவு என்பது. 16 சதவீதம் சேதாரம் வைத்து, அதில் 25 சதவீதம் தள்ளினால் 12 நிற்கும். தள்ளுபடியே இல்லாமல் 10 சதவீதம் போடுகிற கடை அதைவிட மலிவு. இரண்டு மூன்று கடையில் ஒரே எடையுள்ள, ஒரே மாதிரி வேலைப்பாடுள்ள வளையலைக் காட்டி, 'வரி, செய்கூலி, சேதாரம் எல்லாம் போட்டு கையில் எவ்வளவு?' என்று மட்டும் கேளுங்கள். 916 முத்திரையையும் பாருங்கள். அதுவும் ஒரு சதவீதம்தான்: ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 91.6 சதவீதம். நாம் 22 காரட் என்று சொல்வது அதைத்தான். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறியும் இருக்க வேண்டும். கடையிலேயே லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள், தயங்க வேண்டாம்.

உங்கள் மகளின் கேள்வியைப் படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ தெரியவில்லை, கேட்டது பெரியவர்களே சறுக்குகிற இடம். 87.55-லிருந்து 91.75-க்கு உயர்ந்ததை '4.2 சதவீதப் புள்ளிகள்' என்று சொல்ல வேண்டும். 4.2 சதவீதம் என்று எழுதினால், 87.55-ல் 4.2 சதவீதம் என்று பொருள் வந்துவிடும். உண்மையில் 87.55-ல் 4.2 என்பது சுமார் 4.8 சதவீதம். டீச்சர் சுழித்தது சரிதான், மகளிடம் 'புள்ளிகள்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்று சொல்லுங்கள்.

அவளை இன்னும் ஒரு படி கூட்டிப்போங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பக்கமிருந்து பார்க்கச் சொல்லுங்கள். 2001-ல் அவர்கள் 12.45 சதவீதம், 2011-ல் 8.25 சதவீதம். இறங்கியது அதே 4.2 புள்ளிதான், ஆனால் 12.45-ல் அது 33 சதவீதத்துக்கும் மேல். எழுத்தறியாதவர்களின் விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு பத்தே வருடத்தில் குறைந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டத்துக்கு. ஏற்கெனவே மேலே இருக்கிற மாவட்டம் இன்னும் ஏறுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தப் பக்கமிருந்து பார்த்தால்தான் தெரியும். அப்புறம், அந்த 91.75 மாவட்டத்தின் 18,70,374 பேரிலும் அல்ல. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் மட்டும். தொட்டில் குழந்தையைக் கணக்கில் சேர்த்து 'படிக்கத் தெரியாது' என்று எழுதுவது நியாயமில்லை அல்லவா, அதனால்தான்.

இதே புள்ளிக் கணக்கு உங்கள் வீட்டுக்காரரின் தொழிலிலும் இருக்கிறது. பாலை எடை போட்டு, டி.ஆர்.சி. எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தானே பணம் போடுகிறார்கள். நூறு கிலோ பாலில் எத்தனை கிலோ காய்ந்த ரப்பர் என்பதே அது. 20 கிலோ பால், 35 சதவீதம் என்றால் 7 கிலோ ரப்பர். அதே 20 கிலோ எடைக்கு எண் 32-க்கு இறங்கினால் 6.4 கிலோ. மூன்று புள்ளிதானே என்று விடக்கூடாது. கிலோ 200 என்று வைத்தால் 1,400 வர வேண்டிய இடத்தில் 1,280 வரும். வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. பால் கொடுக்கும் இடத்தில் அன்றன்றைக்குச் சொல்லும் டி.ஆர்.சி.யை எடைக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பாலில் மழைத்தண்ணீர் சேராத வாரத்திலும் எண் இறங்கினால் கேட்க ஒரு ஆதாரம் கையில் இருக்கும்.

மறுபடியும் சிப்ஸ். பேக்கரிக்காரரிடம் கோபமாகப் பேச வேண்டிய அவசியம் இல்லை. 'அண்ணே, நான் விலை போட்டதில்தான் தப்பு. உங்களுக்கு ஐந்தில் ஒன்று என்பது அப்படியே இருக்கட்டும், விலையை மட்டும் மாற்றுகிறேன்' என்று சொல்லுங்கள். கிலோ 375 என்றால் 200 கிராம் பாக்கெட் 75 ரூபாய். இப்போது 72. வாங்குகிறவருக்கு மூன்று ரூபாய்தான் கூடுகிறது, சில்லறை கொடுப்பதும் எளிது. அந்த 75-ல் 15 அவருக்கு, 60 உங்களுக்கு. அவருக்கும் முன்பைவிட 60 காசு கூடுதலாகக் கிடைப்பதால் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஐந்து பாக்கெட்டுக்கு உங்கள் கையில் 300.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 72 என்று அச்சடித்து ஏற்கெனவே கட்டிய பாக்கெட் மேல் 75 என்று ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. அச்சிட்ட விலையைக் குறைத்து ஒட்டலாம், கூட்டி ஒட்டச் சட்டம் இடம் தராது. அந்தப் பாக்கெட்டெல்லாம் பழைய விலைக்கே போகட்டும். அடுத்த வாரம் போடுகிற சட்டியிலிருந்து 75.